பிளாஸ்திரி ஒட்டிய விரல்

பள்ளிக்கூடத்துக்குள் ஒரு துப்பறியும் படம் எடுக்கப் போவதாக டைரக்டர் சொன்னபோது யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி மாடியிலிருந்து விழுந்து சாகிறாள். அதே வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன், காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, பெற்ற தாயைக்கூட நம்பாமல், ஒவ்வொருவராக உட்கார வைத்துக் குடைந்து குடைந்து கேட்டுக் கொலைகாரனைப் பிடிக்கிறான். இதுதான் கதை. பையனாக நடித்த ஹீரோவுக்கு வயது முப்பத்து நான்கு. காலையில் இரண்டு தடவை சவரம் செய்தால்தான் அவரால் பதினோராம் வகுப்புக்குப் போக முடிந்தது.

மற்ற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தின் நிஜ மாணவர்கள். அவர்களைக் கண்காணிக்கிற பொறுப்பு நோட்டக்காவிடம் இருந்தது. எந்நேரமும் கையில் நோட்டோடு திரிந்ததால் யூனிட்டில் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய வேலை கன்டின்யுட்டி. ஒரு ஷாட்டில் பேனா இடது பக்கம் இருந்தால் அடுத்த ஷாட்டிலும் இடது பக்கமே இருக்க வேண்டும். ஹீரோ சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் உள்ளே போனால் போடாமலேயே வெளியே வர வேண்டும். பதினாறு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதையே பார்த்தாள். நடிகை வராத நாளில் கை மட்டும் தெரிகிற ஷாட்டுக்கும் இவளைத்தான் பிடித்து இழுப்பார்கள். எத்தனையோ கதாநாயகிகளின் கடிதத்தைப் பிரித்த கை இவளுடையது. முகம் மட்டும் ஒரு படத்திலும் வந்ததில்லை.

பிள்ளைகளின் பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் மெனக்கெடவும் இல்லை. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அதுதான் பெயர். கடைசி பெஞ்சு சுவரோரம், முதல் பெஞ்சு நடு. அப்படித்தான் 'மூணாம் பெஞ்சு' என்கிற பெண்ணும் அவள் நோட்டில் ஏறினாள். ஜன்னலோரம் உட்காரும் ஒல்லியான பெண். பார்க்கிறவர்கள் முகத்தை அப்படியே நேருக்கு நேர் பார்ப்பாள். அதைப் பார்த்துத்தான் டைரக்டர் அவளுக்கு ஒரு சின்ன வேஷம் கொடுத்தார். ஹீரோ குடைந்து கேட்கக் கேட்க அவள் உடைந்து அழ வேண்டும். அவ்வளவுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பதினான்கு டேக் ஆயிற்று. கிளிசரின் போட்டார்கள், கண் சிவந்ததே தவிர அழுகை வரவில்லை. "நேரா ஆஸ்பத்திரில இருந்து வந்த மாதிரி இருக்கா. அழுத மாதிரி இல்ல" என்று டைரக்டர் எல்லார் காதிலும் விழ எரிந்து விழுந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னொரு தடவை பண்றேன் சார்" என்றாள்.

முதல் நாளே பெஞ்சில் துருத்திக்கொண்டிருந்த ஆணி அவள் ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. பிளாஸ்திரி போட்டார்கள். பிளாஸ்திரியோடு ஷாட் எடுத்துவிட்டதால் காயம் ஆறிய பிறகும் அதைக் கழற்ற வழியில்லாமல் போயிற்று. தினமும் காலையில் நோட்டக்கா அவள் விரலைப் பிடித்துப் புதுப் பிளாஸ்திரி ஒட்டுவாள். இடது மூலையை நகத்தால் கொஞ்சம் தூக்கி விடுவாள். ஓரத்தில் டீயைத் தொட்டு அழுக்காக்குவாள். பிறகு போட்டோ எடுத்து நோட்டில் ஒட்டுவாள். சாயங்காலம் பிய்த்துப் போடுவாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் குண்டு விழுந்தது. திரைக்கதையின் கடைசிப் பக்கம் வெளியே போய்விட்டது. கொலைகாரன் யார் என்று டைப் அடித்திருந்த பக்கத்தை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஊரில் இருக்கிற போன் எல்லாவற்றிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் போனில் கத்தினார். தலைமையாசிரியை நேரே செட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய பள்ளிக்கூடத்தில் போன் கொண்டு வருவது குற்றம். பிடிபட்டால் அன்றைக்கே டி.சி. அதில் ஆள் பார்ப்பது கிடையாது. இறுதிப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"என் பிள்ளைங்க பண்ணியிருந்தா எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லன்னா திங்கட்கிழமை நீங்க எல்லாரும் மூட்டை கட்டிடுங்க" என்றார் தலைமையாசிரியை.

டைரக்டர் நோட்டக்காவை ஓரமாக அழைத்துப் போனார். பதினாறு வருஷத்தில் ஒரு டைரக்டர் அவள் தோளில் கை வைத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"எல்லாத்தையும் பாக்கறது நீ ஒருத்திதான். யாருன்னு கண்டுபிடிச்சுக் குடு. அடுத்த படத்துல நீ என்னோட அசோசியேட் டைரக்டர்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு மேக்கப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். டைப் அடித்த பத்து வரி. கீழே ஓரத்தில் பக்கத்தைப் பிடித்திருக்கும் ஒரு விரல், விரலில் ஒரு பிளாஸ்திரி. இடது மூலை தூக்கியிருந்தது. ஓரத்தில் டீக்கறை.

நோட்டில் ஒட்டியிருந்த போட்டோவைப் பக்கத்தில் வைத்தாள். மூலைக்கு மூலை பொருந்தியது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எடுத்த போட்டோவைத் தேடி எடுத்தாள். டைரக்டரின் திரைக்கதை ஃபைல் நாற்காலி மேல் கேட்பாரில்லாமல் கிடந்தது, ஜன்னலோர மூணாம் பெஞ்சு காலி. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஹீரோ இரண்டரை மணி நேரம் ஓடி ஓடிக் கண்டுபிடிப்பதை அவள் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

"செட்லயே வெச்சுக் கேளு. லைட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும். பயந்தாத்தான் உண்மை வரும்" என்றார் டைரக்டர்.

வகுப்பறையில் ஒற்றை விளக்கைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். ஹீரோ உட்காரும் நாற்காலியில் நோட்டக்கா உட்கார்ந்தாள். எதிரே மூணாம் பெஞ்சு. சுற்றி இருட்டில் யூனிட் முழுக்க நின்றது, தலைமையாசிரியையும் நின்றார். எல்லார் கண்ணும் தன்மேல் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

"நேத்து மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்த?"

"பாத்ரூம்லக்கா."

"முக்கா மணி நேரமா?"

நோட்டக்கா மேஜையைத் தட்டினாள். ஹீரோ தட்டுகிற அதே இடம்.

"முக்கா மணி நேரம் பாத்ரூம்ல என்ன வேலைன்னு கேக்கறேன்."

"கண்ணாடி முன்னாடி அழுது பாத்துக்கிட்டிருந்தேங்க்கா. டேக்ல வர மாட்டேங்குதுல்ல... அதான்."

இருட்டில் யாரோ களுக்கென்று சிரிக்க, யூனிட்டே சிரித்தது. அந்தப் பெண்ணின் காது மடல் சிவந்துபோனது.

"போன் எங்க?"

"என்கிட்ட போனே இல்லக்கா. வீட்டுக்கு ஒண்ணுதான். அது அம்மாகிட்ட இருக்கும்."

"அதத்தான் தூக்கிட்டு வந்திருக்க."

"இல்லக்கா."

நோட்டக்கா இரண்டு படங்களையும் விளக்குக்குக் கீழே தள்ளினாள். "நல்லாப் பாரு. இது யாரு விரல்?"

அந்தப் பெண் வெகு நேரம் பார்த்தாள். பரீட்சைத் தாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"பிளாஸ்திரி என்னோடதுதான்" என்றாள். "விரல் என்னோடது இல்லக்கா."

"ஓ! பிளாஸ்திரி மட்டும் தனியா எழுந்து நடந்து போயிடுச்சோ?"

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை இன்னும் பெரிதாக. சிரிப்பு வாங்குவது இவ்வளவு சுலபமா என்று நோட்டக்காவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, பரீட்சைக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. இப்ப வெளிய அனுப்பிட்டா ஒரு வருஷம் போயிடும். எங்கம்மாவால இன்னொரு வருஷம் முடியாதுக்கா." பேசப் பேச அவள் குரல் உடைந்தது. "நீங்கதான தினமும் ஒட்டி விடறீங்க. என் கையப் பிடிச்சுத்தான ஒட்டறீங்க. உங்களுக்கு என் கை தெரியாதாக்கா?"

அழுகை வந்தது. கண்ணாடி முன்னால் வராதது, பதினான்கு டேக்கில் வராதது, கொட்டோ கொட்டென்று கொட்டியது. மூக்கு ஒழுகியது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கட்!" என்றார் டைரக்டர் இருட்டிலிருந்து.

நோட்டக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டைரக்டர் எழுந்து கைதட்டினார். நாலைந்து பேர் கூடவே தட்டினார்கள். தலைமையாசிரியை மட்டும் தட்டவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்துத் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலையில் அவள் அம்மா வந்து கையெழுத்துப் போட்டு டி.சி.யை வாங்கிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை பார்ப்பவள், இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தாள். சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று மட்டும் கேட்டாளாம்.

அன்றைக்குப் பத்து மணிக்கு, பள்ளிக்கூடத்திலேயே போட்டிருந்த எடிட்டிங் அறையில் நோட்டக்காவுக்கு வேலை இருந்தது. எடிட்டர் ஷாட்களை வரிசையாக ஓட்ட, அவள் நோட்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் எடிட்டர் நிறுத்தினார்.

"அக்கா, இந்த ஷாட்ட மாத்திடலாமா? மேக்கப் போட்டும் உங்க மணிக்கட்டுத் தழும்பு தெரியுது பாருங்க. சின்னப் பொண்ணு கைன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

திரையில் ஒரு கை ஒரு காகிதத்தைப் பிடித்திருந்தது. வியாழக்கிழமை எடுத்த ஷாட். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் டெஸ்ட் இருந்ததால் நோட்டக்காதான் மேஜைக்கு அடியில் குந்திக்கொண்டு கையை மட்டும் மேலே நீட்டினாள். தன் விரலில் தானே பிளாஸ்திரி ஒட்டி, மூலையைத் தூக்கி, டீயைத் தொட்டு வைத்து, அப்படியே அச்சு அசலாக இருக்கிறதென்று மெச்சிக்கொண்டதும் அவள்தான். "இதப் பிடி" என்று டைரக்டர் ஒரு தாளை நீட்டினார். எழுத்து கேமரா பக்கம் இருந்தது. என்ன தாளென்று அவள் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். பத்து வரி. தழும்பு இருக்கிற பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை யாரோ ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பிளாஸ்திரியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். விரலைப் பார்க்கவே இல்லை. எது எதோடு பொருந்துகிறது என்று பதினாறு வருஷம் பார்த்துப் பார்த்து, பொருந்திவிட்டால் அதற்கு மேல் கண் போவதே இல்லை. நாற்பத்தொரு வயது விரலை வைத்துக்கொண்டு பதினாறு வயதுப் பெண்ணை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறாள். நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

டைரக்டர் தன் வேனில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உக்காரு" என்றார். "அது கடைசிப் பக்கமே இல்ல. கொலைகாரன் யாருன்னு நானே இன்னும் முடிவு பண்ணல. படத்தப் பத்தி நாலு பேர் பேசட்டும்னு ஒரு பக்கத்த விட்டேன். எச்.எம். அம்மா வந்து இப்படிக் குதிப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"அப்ப என்ன எதுக்கு சார் கண்டுபிடிக்கச் சொன்னீங்க?"

"யாரையாவது காட்டணும்ல? நீ யாரையாவது காட்டுவேன்னு தெரியும். இவ்வளவு சுத்தமாக் காட்டுவேன்னு எதிர்பாக்கல." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "அந்தப் பொண்ணு அழுகைய நேத்துப் போட்டுப் பாத்தேன். படமே அதுலதான் நிக்குது."

"எச்.எம். கிட்ட சொல்லிடலாம் சார். இன்னைக்கே சொன்னா அவ பரீட்சை எழுதிடுவா."

"தாராளமாச் சொல்லு. நான் ஒண்ணும் உன் வாயக் கட்டல. ஆனா படத்துல இருக்கறது உன் கை. பொண்ண நிக்க வெச்சுக் கேட்டது நீ. நான் வெளிய விட்டேன்னு நீ சொல்லுவ, நான் இல்லன்னு சொல்லுவேன். அப்புறம் எந்த டைரக்டர் உன்ன கிட்ட சேப்பான்?" டிஷ்யூவை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். "ரெண்டு மணிக்கு அடுத்த சீன். அசோசியேட் நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

தலைமையாசிரியையின் அறை வேனிலிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தது. கதவும் திறந்துதான் கிடந்தது. நோட்டக்கா அந்தக் கதவைத் தாண்டிப் போனாள். வாசல் காவலாளியிடம் கேட்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

மூன்றாம் மாடி. நடை முழுக்க ஈரத் துணி காய்ந்தது. கதவைத் தட்டியதும் அந்தப் பெண்ணே திறந்தாள். சீருடை இல்லாமல் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். உள்ளே கட்டிலில் அவள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தரையில் கணக்குப் புத்தகம் விரித்தபடி கிடந்தது. எழுத முடியாத பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ பண்ணலன்னு தெரிஞ்சிடுச்சும்மா" என்றாள் நோட்டக்கா. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். "தப்பு என்னோடது. அது என் கை. டைரக்டர்தான் வெளிய விட்டாரு."

"நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும்க்கா." பெண் குரலைத் தாழ்த்தியே பேசினாள், அம்மா எழுந்துவிடக் கூடாதென்று. பிறகு அந்த நேர்ப்பார்வையில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. "எச்.எம். கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா... வந்து... அதுல ஒரு சிக்கல் இருக்கு. அறுபது பேரு வேலை. படம் நின்னுடும். படம் முடிஞ்சதும் நானே நேரா வந்து..."

"படம் எப்ப முடியும்?"

"ரெண்டு மாசம்."

அந்தப் பெண் தலையாட்டினாள். கணக்கு அவளுக்கு உடனே போட்டுப் பார்க்கத் தெரிந்தது.

"அப்ப எதுக்குக்கா இங்க வந்தீங்க?"

நோட்டக்கா வாயைத் திறந்தாள். பதில் இருந்தது. 'பரவால்லக்கா' என்று அந்தப் பெண் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அதை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்திருந்தாள். அதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

கட்டில் கிறீச்சிட்டது. "யாரும்மா அங்க?" என்று அம்மாவின் தூக்கக் குரல் கேட்டது.

"யாரோ வீடு மாறி வந்துட்டாங்கம்மா. நீ தூங்கு" என்றாள் அந்தப் பெண்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். நோட்டக்கா மறுபடி தட்டக் கையைத் தூக்கினாள். பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் பெயர் தெரியவில்லை. மணி ஒன்றரை ஆகியிருந்தது. இரண்டு மணிக்குள் செட்டில் இருக்க வேண்டும். படியிறங்கி வேகமாக நடந்தாள்.