அழுக்குச் சதுரம்

அந்தப் பரோக் காலத்துத் தேவாலயத்தின் கூரை ஓவியத்தில் முந்நூறு வருட மெழுகுதிரிப் புகை படிந்திருந்தது. அதைப் பஞ்சால் துடைத்து மீட்க வந்த பெண், எட்டாவது வாரம் சொர்க்கத்தை முடித்துக்கொண்டு நரகத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்ததும் கோயில்பிள்ளையைச் சாரத்தின் மேலே கூப்பிட்டாள். கதவு திறந்து, மணியடித்து, திரி ஏற்றியே தலை நரைத்த மனிதர் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

அவள் ஈரப் பஞ்சை ஒற்றினாள். கரிக்கு அடியிலிருந்து, நெருப்பில் தலைகீழாக விழும் ஒரு பாவியின் முகம் தெரிந்தது. அது அவருடைய முகம். ஏதோ ஜாடை என்று தப்பிக்க வழியில்லை. அதே தொங்கிய இடது இமை, மூக்கில் அதே மச்சம். ஈரம் காய்ந்து அது மறுபடி கரிக்குள் மறையும்வரை அவர் மூச்சு விடவில்லை.

வரைந்தவன் செத்து மூன்று நூற்றாண்டு ஆகிறது என்ற நியாயமெல்லாம் அவர் மனைவியிடம் செல்லாது. கழுவுற மீனில் நழுவுற மீன் என்று அவரைச் சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள். ஞாயிறன்று அண்ணாந்து பார்த்தாளென்றால் கடவுளே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்புறம் சாகும்வரை அந்த முகத்தோடு அவளெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

மூக்கையாவது மாற்றி வரையச் சொல்லிக் கெஞ்சினார்.

"ஓவியத்துல கை வைக்க முடியாதுங்க. வேணும்னா நீங்க உங்க மூக்கை ஏதாவது பண்ணிக்கோங்க" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை.

கடைசியில் அவளே இரங்கினாள். எவ்வளவு அழுக்கு இருந்தது என்று பின்னால் வருகிறவர்கள் நம்புவதற்காக, ஓவியத்தில் ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் துடைக்காமல் விடுவது அவர்கள் தொழில் வழக்கம். அந்தச் சதுரத்தை இந்த முகத்தின் மேலேயே விட்டாள்.

ஞாயிறன்று சொர்க்கம் தகதகத்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லாக் கழுத்தும் கறுப்புச் சதுரத்தின் பக்கமே வளைந்திருந்தது. யார் முகத்தை மறைத்திருக்கிறார்கள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, ரொட்டிக்கடைக்காரர் முதலில் பாவமன்னிப்புக் கூண்டுக்கு ஓடினார். அடுத்து டாக்டர், அவருக்குப் பின்னால் பாடகர் குழு மொத்தமும். வரிசை தெருவைத் தொட்டது. அந்த உருவத்துக்கு வழுக்கையா என்று பாதிரியாரே கோயில்பிள்ளையிடம் இரகசியமாக விசாரித்தார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி முன்னால் வேகமாக நடந்தாள். தெருமுனையில் நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"அது நான்தானே? ஊரு பாத்துடக் கூடாதுன்னுதானே மறைக்கச் சொன்னீங்க?"

இல்லை என்ற சொல் அவர் தொண்டைவரை வந்தது. விழுங்கினார்.

"விடும்மா. நான் யாருகிட்டயும் சொல்லல."

கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக, நடுத்தெருவில், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை அவரும் விடவில்லை.