மச்சானும் மாப்பிள்ளையும் தேடிய நடுவர்

வக்கீல் ஆபீஸில் ஒப்பந்தம் எழுதி எழுதியே ஓய்வு பெற்ற எனக்கு, மனித மூளை எந்த அளவுக்குச் சுருங்கும் என்பது அத்துப்படி. ஆனால் அந்த மச்சானும் மாப்பிள்ளையும் என் அனுபவத்தையே அவமானப்படுத்திவிட்டார்கள்.

இருவரும் கூட்டாக நாற்காலிப் பட்டறை வைத்திருந்தார்கள். மரம் இழைக்கும் மெஷினை வாசல் பக்கம் போடவேண்டும் என்பான் ஒருவன், பின்பக்கம் என்பான் மற்றவன். இழுத்த இழுப்பில் அது நட்டநடு வழியில் நின்றுவிட்டது. மின்சார ஒயர்கூட எட்டவில்லை. இரண்டு மாமேதைகளும் அதற்கு இருபுறமும் உட்கார்ந்து கையாலேயே இழைத்தார்கள். நான் பார்த்த அன்று ஒரு நாற்காலிக் கால், பல் குத்தும் அளவுக்கு வந்திருந்தது.

நடுவில் மாட்டிக்கொண்டவள் மாப்பிள்ளையின் மனைவி, அதாவது மச்சானின் தங்கை. இருக்கைகளுக்கு மெத்தை தைப்பதும் ஆர்டர் பிடிப்பதும் அவள்தான். மெஷினைத் தாண்டி நாற்காலி வந்தால்தானே தைப்பாள்? வாடிக்கையாளர்கள் கழன்றுகொண்டே இருந்தார்கள். இப்படியே போனால் பட்டறையை இழுத்துப் பூட்டவேண்டியதுதான், தன் பிழைப்பும் அதோடு போச்சு என்று சொல்லி, இருவரையும் என் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

பட்டறைத் தகராறு எதுவானாலும் ஒரே நடுவரிடம் விடுவது, அவர் சொல்வதே முடிவு என்று ஒப்பந்தம் எழுதத் தொடங்கினேன். இதுவரை ஒழுங்காகத் தலையாட்டினார்கள். நடுவர் யார் என்றதும் வந்தது வினை. டாக்டர் வேண்டாம், மாப்பிள்ளைக்கு மட்டும் ஊசியை மெதுவாகப் போடுகிறாராம். ஹெட்மாஸ்டர் வேண்டாம், மச்சானைப் பார்த்து ஒருமுறை சிரித்தாராம். உலக ஜனத்தொகையில் பாதியைத் தள்ளுபடி செய்தபிறகு, ஆளுக்கொரு சீட்டில் பெயர் எழுதச் சொன்னேன்.

பிரித்தால் இரண்டிலும் ஒரே ஆள்: மரக்கடைக்காரர். ஆனந்தத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மச்சானின் முகமோ கறுத்தது.

"நீ ஏன் அவரைச் சொல்றே மாப்ளே? என்ன பேசி வச்சிருக்கே?"

"அதையேதான் நானும் கேக்கறேன் மச்சான்."

இருவரும் ஒரே குரலில் மரக்கடைக்காரர் பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"என் பேரைப் போடுங்க சார்," என்றாள் அவள்.

அந்த இரண்டு முகங்களைக் காட்ட நான் டிக்கெட் போட்டிருக்கலாம். பெண்டாட்டி தன் பக்கம்தானே பேசுவாள் என்று ஒன்று மலர்ந்தது. கூடப்பிறந்தவள் விட்டுக்கொடுப்பாளா என்று மற்றது. எதிராளி ஏமாந்த பூரிப்பில் இருவருக்கும் மீசை துடித்தது. உறவு தெரிந்தே சம்மதிக்கிறோம், பின்னால் ஆட்சேபிக்க மாட்டோம் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்து, உரக்கப் படித்தும் காட்டினேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

இரு தரப்பையும் கேட்டபின்தான் தீர்ப்பு என்று அவளிடம் சொன்னேன்.

"இத்தனை மாசமா வேற என்ன சார் பண்றேன்?" என்றவள், திரும்பி இருவரையும் பார்த்தாள். "மெஷின் என் தையல் மூலைக்குப் போகட்டும். வாசல் பக்கம் எனக்கு."

மாப்பிள்ளை குழைந்தார்: "வீட்ல பேசிக்கலாமேம்மா."

"வீட்ல நான் உங்க சம்சாரம். இங்க நடுவர்."

அப்பீல் உண்டா என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். கிடையாது என்று சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மறுநாள் போனேன். இருவரும் மெஷினை ஆளுக்கொரு முனையில் தூக்கிப் பிடித்தபடி, எந்தப் பக்கம் திருப்புவது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"எழுதிக் குடுங்க, விசாரிக்கறேன்."