மாதையன் கட்டிய டாங்கி

முள்வாங்கியின் நுனியில் புளியங்கொட்டை அளவில் ஒரு சக்கரம் இருந்தது. பொம்மை டாங்கியின் விலாவில் துருத்திக்கொண்டிருந்த அச்சில் அதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். மாதையன் மூச்சை அடக்கினான். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். சக்கரம் அச்சை நெருங்கியது, தொட்டது. தொட்ட மாத்திரத்தில், அருள் வந்தவன் கையில் வேப்பங்கொத்து ஆடுவது போல முள்வாங்கி ஆடத் தொடங்கியது. சக்கரம் துள்ளி, எதிரே மனைவி பொன்னாயி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த புளி முறத்துக்குள் போய் விழுந்தது. அங்கே எல்லாமே அதே கருப்பு, அதே அளவு.

"இன்னொன்னும் போச்சுங்களா?" என்றாள் பொன்னாயி.

"போகுல. அங்க எறங்கியிருக்குது. தேடு."

பட்டாளத்தில் இருந்தவர்கள் எதையும் இழப்பதில்லை. பின்வாங்குவதோடு சரி.

எல்லாம் ஒரு வேட்டியால் வந்த வினை. சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர்களில் வெள்ளியங்கிரி பெரிய புள்ளி. லாரி உரிமையாளர் சங்கத்தில் துணைத் தலைவர், கோயில் திருப்பணிக் குழுவில் துணைத் தலைவர், பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்திலும் துணைத் தலைவர். தலைவர் பதவி எங்கேயும் வாய்க்காததால், துணைகளைக் கூட்டிப் பார்த்தால் எப்படியும் ஒரு தலைவர் தேறும் என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டே போனார். அன்று ஆபீசில் சேலத்துப் பிரமுகர்கள் சிலரை உட்கார வைத்து, ஒழுக்கம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒழுக்கத்துக்கு உதாரணம் வேண்டியிருந்தது. "என்ற டிரைவர் மிலிட்டிரில டேங்கு ஓட்டினவன்" என்று மாதையனைக் கூப்பிட்டார். கூப்பிட்டதோடு விட்டிருக்கலாம். டீயையும் அவனையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். உதாரணம் கை நடுங்கி, டீ முழுவதையும் அவருடைய வெள்ளை வேட்டியின் மடியில் கொட்டியது. தொப்பூர்க் கணவாயில் லாரியைக் கவிழ்த்திருந்தாலும் வெள்ளியங்கிரி மன்னித்திருப்பார். லாரிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு.

"ஏன்டா, காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"

"சத்தியமா இல்லீங்க மொதலாளி. நாங் குடிக்கறதே இல்லீங்க."

"குடிக்காமயே இந்த ஆட்டமா? அது அத உட நெம்ப மோசமாச்சே! குடியா இருந்தாலாச்சும் உடச் சொல்லலாம்."

பிரமுகர்கள் சிரித்தார்கள். பிரமுகர்கள் சிரித்த பிறகு வெள்ளியங்கிரிக்குத் தீர்ப்பைத் தள்ளிப்போடத் தெரியாது. அமாவாசைக்கு நாமக்கல்லில் பாடி கட்டி முடிந்து புது லாரி வருகிறது. மாதையனுக்கென்று இருந்த வண்டி அது. இனி அதை இன்னொரு டிரைவர் வீரன் ஓட்டட்டும், மாதையன் லாரி செட்டில் வாச்மேனாக இருந்துகொள்ளட்டும், ஒரு விசிலும் வாங்கித் தரலாம் என்றார். விசில் என்ற சொல்தான் மாதையனைப் பேச வைத்தது. அதுவரை அவனுக்கே தெரியாத ஒரு யோசனை வாயிலிருந்து வந்து விழுந்தது.

"மொதலாளி, ஊட்ல ஒரு டேங்கு கெடக்குதுங்க. பிளாஸ்டிக்குல, துண்டுதுண்டா. ஊசி மொனையாட்டம் இருக்கும் ஒவ்வொன்னும். அமாசைக்குள்ள அத ஒட்டி முடிச்சுக் காட்டறனுங்க. கை ஆடறவன் பண்ண முடியுமுங்களா?"

வேறு நாளாக இருந்தால் போடா என்றிருப்பார். பிரமுகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காட்டு" என்றார் வெள்ளியங்கிரி, கல்வெட்டில் பொறிக்கச் சொல்வது போல. "கை நிக்குதுன்னு காட்டு. புது வண்டியோட நானே உன்ற ஊட்டுக்கு வாரேன். சாவிய என்ற கையால தாரேன்."

அந்த டாங்கிப் பெட்டி மாதையனுக்குப் பட்டாளத்திலிருந்து வந்தது. அவன் விலகி வரும்போது அவர்களுடைய கேப்டன் கொடுத்தது. கேப்டனுக்கு லண்டனில் ஒரு தம்பி. அந்தத் தம்பி எல்லாப் பிறந்த நாளுக்கும் டாங்கியே அனுப்பிக்கொண்டிருந்தார் போலும். ஊருக்கு வந்த புதிதில் மாதையன் உற்சாகமாக ஆரம்பித்து, அடிப்பாகத்தையும் பாதிச் சக்கரங்களையும் ஒட்டினான். பிறகு பசைக் குழாய் காய்ந்தது, லாரி வேலை கிடைத்தது, டாங்கி பெட்டிக்குள் போய் டிரங்குப் பெட்டியின் அடியில் படுத்தது. பார்க்கப்போனால் யுத்தத்திலும் அவனுடைய டாங்கி அதையேதான் செய்தது. எழுபத்தொன்றில் எல்லைப்பக்கம் ஒரு கரும்புக் காட்டுக்குள் இலைதழையால் மூடி நின்றது. உத்தரவுக்காகக் காத்தது. சண்டை முடிந்துவிட்டதை ரேடியோவில் கேட்டுத்தான் உள்ளே இருந்தவர்கள் தெரிந்துகொண்டார்கள். சங்ககிரி டீக்கடைகளில் மாதையன் சொன்ன யுத்தம் வேறு. அந்த யுத்தத்தில் எதிரி டாங்கிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாக அழிந்துகொண்டே வந்தன. தண்ணி டேங்குதான் ஓட்டியிருப்பான் என்று சொன்ன ஒன்றிரண்டு பேரும் நாளடைவில் மரியாதையாகக் கேட்கப் பழகிவிட்டார்கள்.

இப்போது பெட்டியைத் திறந்தால், பட்டையாகச் சுற்றும் ரப்பர்ச் சங்கிலி தனக்கு அடியில் கிடந்த சக்கரங்களைத் தின்றிருந்தது. இத்தனை ஆண்டுப் புழுக்கத்தில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று உருகி, பிய்த்தால் தோலோடு வந்தன. பசைக் குழாய் கல்லாகியிருந்தது. மாதையன் லாரி செட்டுக்குப் போய் பெயிண்டர் பச்சமுத்துவிடம், பசைக்குப் பதிலாகப் பெயிண்ட் இளக்கும் தின்னர் கொஞ்சம் கேட்டான்.

"எதுக்குங்ணா? மொதலாளி சொன்னாப்ல நெசமாவே குடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

"டேங்கு ஒட்டறதுக்குடா."

"டேங்குக்கு வெல்டிங்குல்லங்ணா வெக்கோணும்!" பச்சமுத்து ஒரு பழைய டானிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். "முடிஞ்சதும் இங்க கொண்டாங்க. ரெண்டு பக்கமும் தாமரப்பூப் போட்டு, பின்னாடி 'சவுண்ட் ஹாரன்' எழுதித் தாரேன். டேங்குக்குப் பின்னாடி வாரவனும் ஹாரன் அடிச்சுட்டுத்தான வரோணும்?"

செட்டே சிரித்தது. மாதையனும் சிரித்து வைத்தான். வீட்டுக்கு வந்து, லாரிக்கு ஊற்றுகிற கையோடு ஊற்றியதில் இரண்டு சக்கரங்கள் சவ்வுமிட்டாய் போல இளகி விரலோடு வந்தன. அதற்குப் பிறகுதான் தீக்குச்சி நுனியில் ஒரு சொட்டு போதும் என்று புரிந்தது. அந்த ஒரு சொட்டை ஓரிடத்தில் வைக்க ஒரு கை வேண்டும். அதுதான் அவனிடம் இல்லை.

என்னென்னவோ செய்து பார்த்தான். மணிக்கட்டைத் துண்டால் கட்டில் காலோடு கட்டினான். கை நின்றது, விரல்கள் ஆடின. கையில் செங்கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நல்லெண்ணெய் தேய்த்து வெயிலில் காட்டினான். சூரமங்கலத்தில் ரயில்வேயில் இருக்கும் மச்சான் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தார். டாக்டர் இங்கிலீஷில் நிறையப் பேசி, தமிழில் "நரம்பு" என்று மட்டும் சொல்லி, சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது இரண்டு முறை கீழே விழுந்தது. ஒரு பகல் முழுக்க டாங்கியின் ஒரே ஒரு கொக்கியோடு போராடிவிட்டு, மாதையன் எழுந்து போய்ப் புறங்கையைச் சுவரில் அடித்தான். மறுபடி அடித்தான். பொன்னாயி ஓடிவந்து பிடிக்கும் வரை அடித்தான். தோல் உரிந்த இடத்தில் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டாள். அவளுடைய கைக்குள்ளேயும் அது அடிபட்ட கோழிக்குஞ்சு போலத் துடித்துக்கொண்டிருந்தது.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லாதது. டீ கொட்டுவதற்குச் சில நாள் முன்பு, பவானியைத் தாண்டி வரும்போது, இடது கை கியர் மாற்றும்போது ஸ்டியரிங்கிலிருந்து வலது கை நழுவியது. அந்த ஒரு விநாடியில் வண்டி இடப்பக்கம் ஒதுங்க, பால் கேனோடு சைக்கிளில் போன ஒருவன் பள்ளத்துக்குள் போனான். மாதையன் பிரேக்கை மிதித்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். சைக்கிள்காரன் எழுந்தான். மேலெல்லாம் பால் வடிய, மாதையனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். இவ்வளவு சந்தோஷமாக ஒரு வசவை மாதையன் வாழ்நாளில் கேட்டதில்லை. கிளீனர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சம்பவத்துக்குச் சாட்சி என்று பார்த்தால் அந்தக் கை மட்டும்தான்.

ஆனாலும் லாரியை விட்டுவிட்டு அவன் யார்? செட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வீரன் ஓட்டி வரும் வண்டிக்கு விசில் ஊதிக் கேட்டைத் திறப்பவன். டீக்கடையில் யுத்தத்தைச் சொல்ல வாயெடுத்தால், முதலில் டீயைக் கொட்டாமல் குடி என்பார்கள்.

அமாவாசை நெருங்கும்போதுதான் காரியம் நடக்கத் தொடங்கியது. மத்தியானம் டீக்கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், காலையில் அவன் கோணலாக ஒட்டிவிட்டுப் போன சக்கரம் நேராக நின்றது. காய்ந்தபோது தானாக நிமிர்ந்திருக்கும் என்று நினைத்தான். மறுநாள் கொக்கி உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அவன் குஷியாக இருந்தான். கை நின்றுகொண்டு வருகிறது, காலையில் ஒட்டியதை மனசு மறந்துவிட்டது, மாத்திரை பிடித்துக்கொண்டது என்று பொன்னாயியிடம் சொன்னான். அவள் "ஆமாங்க" என்றாள். அந்த "ஆமாங்க" கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. மூன்றாவது நாள் டாங்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, சக்கரத்துக்கு மேலே, தின்னரில் இளகிப் பின் இறுகிய இடத்தில், ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகையின் வரிகளுக்குள் மஞ்சள் ஏறியிருந்தது. தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறவளின் விரல். அவனுடைய கட்டைவிரல் அதைப்போல இரண்டு மடங்கு.

டாங்கியைக் கீழே வைத்தான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் டாங்கி இத்தோடு நிற்கும். மாதையன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "சித்த கடைப்பக்கம் போய்ட்டு வாரேன் புள்ள. லேட்டாகும்" என்றான். அன்றிலிருந்து தினமும் லேட்டாக்கினான். தெருமுனையில் நின்று இருமிவிட்டு வந்தான். அவன் இருமியதும் உள்ளே டிரங்குப் பெட்டி மூடும் சத்தம் கேட்கும். இருவரும் ஒரே டாங்கிக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அமாவாசையன்று காலை புது லாரி வாழைக்கன்றும் மாலையுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. வெள்ளியங்கிரி புது வேட்டியில் இறங்கினார். பின்னால் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர். ஸ்டூலின் மேல் டாங்கி நின்றிருந்தது. சக்கரம், சங்கிலி, பீரங்கிக் குழல், மூடி எல்லாம் கச்சிதம். வெள்ளியங்கிரி அதைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு பொருளைப் பார்த்தால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் இருக்க அவரால் ஆகாது.

"இது வெறும் பொம்மை அல்ல" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தார். "தாய்நாட்டுக்காக இரும்புக் கோட்டைக்குள் அமர்ந்து போரிட்ட ஒரு வீரனின் உறுதி!" அப்புறம் ஊர்த்தமிழுக்கு இறங்கினார். "கை ஆடுதுன்னு சொன்னவன் எவன்டா?"

சொன்னது அவர்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மாதையனின் வலது கையைப் பிடித்து, தேர்தலில் ஜெயித்தவனின் கையைத் தூக்குவது போலத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அவர் பிடியில் அது ஆடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். மாதையன் நிலைப்படியில் நின்ற பொன்னாயியைப் பார்த்தான். அவள் உண்மையைச் சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது. அவளும் அதே மாதிரி அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாவி கைக்கு வந்தது. விரல்களை மூடிக்கொண்டான்.

"மெயின் ரோடு வரைக்கும் எடுத்துட்டுப் போய்ச் சுத்திட்டு வா" என்றார் வெள்ளியங்கிரி.

மாதையன் வண்டியருகே போனான். கதவைத் திறந்தவன், ஏறாமல் திரும்பினான். "பொன்னாயி, நீயும் ஏறு."

அவள் நிலைப்படிக்குள் ஓரடி பின்வாங்கினாள். "நானெதுக்குங்க? அடுப்புல சோறு இருக்குதுங்க."

"ஏறுன்னா ஏறு."

"பொம்பளைய ஏத்திட்டு எங்கடா?" என்றார் முதலாளி.

"மொத சவாரிங்க மொதலாளி. ஊட்டுக்காரி உக்காந்தா லச்சுமிங்க."

வெள்ளியங்கிரிக்கு அது பிடித்துவிட்டது. தனக்கே முன்பே தோன்றியது போல எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார். பொன்னாயி சேலையைச் செருகிக்கொண்டு, படியில் இரண்டு தடவை கால் வழுக்கி, ஒருவழியாக ஏறிப் பக்கத்து சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

வண்டி தெருவைத் தாண்டியது. கோயமுத்தூர் ரோடு சேரும் முனையில் மாதையன் வண்டியை நிறுத்தினான். இரண்டு பக்கமும் பஸ்களும் லோடு வண்டிகளும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. இடைவெளி கிடைத்ததும் உள்ளே நுழைய வேண்டும்.

"ஏனுங்க, எறங்கிக்கலாமுங்க" என்றாள். "நாம்போய் மொதலாளிகிட்ட சொல்லிப் போடறனுங்க."

"மொதல்ல இதப் பாரு." ஸ்டியரிங்கின் மேல் வலது கையை விரித்து வைத்தான். "பாத்துச் சொல்லு புள்ள. இப்ப ஆடுதா?"

பொன்னாயி குனிந்து பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் ஆடிக்கொண்டிருந்தது. கியர்க் கம்பி, கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரம், கதவுப் பிடி, அவள் மடியில் கிடந்த அவளுடைய கைகள், கையிலிருந்த வளையல்கள் எல்லாம் ஒரே சீராக நடுங்கிக்கொண்டிருந்தன. பின்னால் வந்து நின்ற ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவள் கண் கொட்டாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஹாரன் அடித்தது.