ஜானகியம்மாள் விழுங்கிய பிஸ்கட்

எழுபத்தொன்பதாம் வருஷம், பெரம்பலூர் பள்ளிக்கூடத்துச் சாரணியர் பிள்ளைகள் திருச்சி முகாமுக்குப் போவதாக இருந்தது. செலவுக்குப் பணம் சேர்க்க லூர்துமேரி டீச்சர் ஒரு வழி சொன்னார். கமால் பாய் பேக்கரியில் வெண்ணெய் பிஸ்கட் வாங்கிப் பொட்டலம் கட்டி, பிள்ளைகள் வீடு வீடாகப் போய் விற்க வேண்டும்.

காலனியிலிருந்து அந்தப் படையில் சேர்ந்தவள் கொளஞ்சி ஒருத்திதான். பன்னிரண்டு வயது. சீருடையும் கழுத்துத் துணியும் போட்டுக்கொண்டால் எந்தத் தெருவிலும் நுழைந்துவிடலாம் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் ரைஸ்மில்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவள் அப்பா முருகையன் வேலை செய்தது அவர்கள் வயலில்தான்.

ரைஸ்மில்காரர் மனைவி ஜானகியம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீ முருகையன் மவதானே?"

"ஆமாங்கம்மா. முகாமுக்குப் போறோம். பிஸ்கட் வாங்கிக்கிறீங்களா?"

ஜானகியம்மாள் காசைத் தரையில் போட்டாள். "எடுத்துக்க. பொட்டலத்த அங்கயே வச்சுட்டுப் போ."

கொளஞ்சி வைத்துவிட்டு நடந்தாள். தெருமுனையில் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். ஜானகியம்மாள் பொட்டலத்தை விளக்குமாற்றால் தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். நாய் ஒன்று ஓடிவந்து காகிதத்தைக் கிழித்தது.

கொளஞ்சி அழவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. நாய் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு மிச்சப் பொட்டலங்களை விற்கப் போனாள். அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் அந்த விளக்குமாறுதான் கண்ணில் நின்றது.

முகாமுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா வைத்தார்கள். திருச்சியிலிருந்து சாரணியர் ஆணையர் வருகிறார். கூடாரத் துணி வாங்கிக் கொடுத்த ரைஸ்மில்காரர் குடும்பத்துக்கும் மரியாதை. ஜானகியம்மாள் மேடையில் உட்காரப் போகிறாள் என்று தெரிந்ததும் கொளஞ்சி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், டீக்கு பிஸ்கட் நானே வாங்கிட்டு வரேன்."

விடிந்ததும் பேக்கரிக்குப் போய் நின்றாள். "பாய், எங்க பள்ளிக்கூடத்துக்கு மாவு நான் பெசையட்டுமா?"

கமால் பாய் சிரித்தார். "நல்லா கையக் கழுவிட்டு வா புள்ள."

மாவை அவள் குத்தினாள், அடித்தாள், தோள் கடுக்கப் பிசைந்தாள். ஒவ்வொன்றாக உருட்டித் தட்டில் வைத்துக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினாள். வெந்து வந்தபோது எல்லா பிஸ்கட்டிலும் அந்தக் குழி இருந்தது.

விழா மேடையில் ஜானகியம்மாள் ஒன்று தின்றாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டே டீச்சரிடம் கேட்டாள்: "வாயில வச்சா கரையுதே, எந்தக் கடைங்க?"

தண்ணீர் ஜாடியோடு நின்ற கொளஞ்சி முன்னே வந்து, மூன்று விரல் காட்டிச் சாரணியர் வணக்கம் வைத்தாள்.

"பாய் கடைதாங்கம்மா. மாவு பெசஞ்சது நானு. உருட்டுனதும் நானு. இந்தக் குழி எங் கட்டவெரலு. நான் முருகையன் மவ கொளஞ்சி."

ஜானகியம்மாளின் தாடை அசையாமல் நின்றது. வாய் நிறைய மாவு.

"அடி கெட்டிக்காரி!" என்று ஆணையர் கை தட்டி, இன்னொன்றை எடுத்துத் தின்றார். பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். ஜானகியம்மாளால் துப்ப முடியாது, எழுந்து போகவும் முடியாது. கொளஞ்சி அவள் தொண்டையையே பார்த்தாள். அது ஏறி இறங்கியது.

தட்டை நீட்டினாள். "இன்னொண்ணு எடுத்துக்குங்கம்மா."

ஆணையர் பார்த்துக்கொண்டிருந்தார். ஜானகியம்மாள் எடுத்துத் தின்றாள்.

மறுநாளே முருகையனை வயலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் மகள் முதுகில் ரெண்டு வைத்தான். "என்னாடி பண்ணித் தொலைச்ச?" அப்போதுதான் கொளஞ்சி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அம்சவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

"போயி அந்தம்மா கால்ல வுழுந்துட்டு வாடி."

"அந்த நாய் தின்ன எடத்துல அவங்க வந்து வுழட்டும். அப்பறம் நான் வுழுறேன்."

முருகையன் மெதுவாகக் கேட்டான்.

"நெசமாவே முழுங்குனாளா?"

"முழுங்குனாங்கப்பா. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

அவன் அரிவாளைத் தீட்டிக்கொண்டு எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனான். கரும்புச் சோகை இலை அறுத்து அந்தப் பருவம் முழுக்க அவன் கையில் காயம் ஆறவில்லை. எண்ணெய் தடவிவிட்டபோதெல்லாம் கொளஞ்சிக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் செய்ததற்காக ஒருநாளும் அவள் வருந்தவில்லை.