வாத்தியார் போட்ட நூறு

மருத்துவமனைகளுக்கு லிஃப்ட் செய்யும் கம்பெனி அது. லிஃப்ட் என்னென்ன செய்ய வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக எழுதிக் கொடுப்பது அவள் வேலை. எழுதியதை அங்கே மனிதர் யாரும் படிப்பதில்லை. ஒரு மென்பொருள் படித்து மார்க் போடும். ஆபீசில் அதற்குப் பெயர் வாத்தியார். தொண்ணூறுக்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் அவள் ஒப்பந்தம் நீளாது. அது இந்த வாரத்தோடு முடிகிறது.

ஒரே வாக்கியம்தான் தகராறு. 'கதவிடுக்கில் ஆள் சிக்கினால் கதவு உடனே திறக்க வேண்டும்.' உடனே என்றால் தெளிவில்லையாம். வாத்தியாருக்கு எண் வேண்டும்.

மோட்டார் பிரிவில் போய்க் கேட்டாள்.

"மோட்டாரே இன்னும் வரலைங்க, எதை அளக்கறது?" என்றான் இன்ஜினியர். "வாய்க்கு வந்த நம்பரைப் போடுங்க. எல்லாரும் அதான் பண்றாங்க."

உண்மைதான். முந்தைய பக்கங்கள் முழுக்க வாய்க்கு வந்த எண்கள். எல்லாம் பச்சைப்பசேல்.

எரிச்சலில் 'உடனே'யை அழித்து 'முப்பது நிமிடத்தில்' என்று தட்டினாள். வாத்தியார் நூறு போட்டது. அரை மணி நேரம் ஒருவன் நசுங்கலாம். தெளிவாக நசுங்கினால் போதும்.

மேனேஜர் திரையை எட்டிப் பார்த்தார். வாயெல்லாம் பல்.

"பாத்தியாம்மா, மனசு வெச்சா முடியுதுல்ல. கையெழுத்து போட்டுடறேன்."

"படிச்சுப் பாருங்க சார்."

"நூறு வந்தப்புறம் என்னத்தப் படிக்கிறது?"

"கதவு திறக்க அரை மணி நேரம்னு எழுதியிருக்கேன்."

குனிந்து படித்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "சரி, மூணு செகண்டுன்னு மாத்து. மார்க் குறையாம பாத்துக்க."

"மூணுன்னு யார் சார் சொன்னது?"

"நான்தான். அடுத்த வாரம் இங்க வேலை வேணுமா, வேணாமா?"

அவர் போனதும் 'மூன்று விநாடி' என்று தட்டினாள். அதற்கும் நூறு. இரண்டு நூறையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அழித்துவிட்டு இப்படி எழுதினாள்: 'எத்தனை விநாடி என்று இங்கே யாருக்கும் தெரியாது. மற்ற எண்களையும் யாரும் அளக்கவில்லை. அளக்கும்வரை இதில் ஆளை ஏற்ற வேண்டாம்.' வாத்தியார் நாற்பத்தொன்று போட்டது. அனுப்பிவிட்டாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "லிஃப்ட் வாங்கற ஆஸ்பத்திரிக்குமா அனுப்பின?"

"ஆமா சார்."

"படிச்சுட்டாங்கன்னா?"

அவர் தொழிலில் அப்படி ஒரு பயம் அவருக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"அவங்ககிட்ட வாத்தியார் இல்லையே சார். படிச்சுத்தான் தொலைக்கணும்," என்று சொல்லி, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் போட்டாள்.