சிரிப்பும் அழுக்குத் துணியும்

விளம்பரப் படம் எடுத்தே பெயர் வாங்கியவள் அவள். எத்தனையோ பெண்களை வாஷிங் மெஷின் பக்கத்தில் நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் சிரிம்மா" என்று பாடாய்ப் படுத்தியிருக்கிறாள். அழுக்குச் சட்டையைப் பார்த்தால் யாருக்கய்யா சிரிப்பு வரும்? ஆனாலும் அவர்கள் சிரித்தார்கள், மெஷினும் விற்றது.

இப்போது ஒரு கண்காட்சிக்காக அதே படங்களை ஆண்களை வைத்து எடுக்கிறாள். முதல் பலிகடா அவள் வீட்டுக்காரர். குளியலறை ஓரத்தில் இருக்கும் சொந்த மெஷின், கூடை நிறைய நிஜமான அழுக்குத் துணி. அவர் ஒரு காலை லேசாக மடக்கி, சட்டையைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் வாய் வலித்தது.

"எதுக்கு இப்படிப் பல்லைக் காட்டணும்? இந்த மெஷின் என்ன ஜோக்கா சொல்லுச்சு?"

"விளம்பரத்துல பொண்ணுங்க சிரிச்சப்போ இதைக் கேட்டீங்களா?"

சிரிப்பு பாதியில் நின்ற அவர் முகத்தை அவள் சட்டென்று படம் பிடித்துக்கொண்டாள். அவள் தேடியது அதுதான்.

"அப்பாடா!" என்று சட்டையைக் கூடையில் வீசிவிட்டு, போனும் கையுமாக சோபாவில் சாய்ந்தார் அவர். "பிரமாதமா வரும் பாரு. இதைப் பார்த்தாவது ஆம்பளைங்க திருந்தட்டும்."

அவள் கேமராவை நிதானமாக மூடி வைத்தாள். கூடை நிரம்பியபடியே கிடந்தது.

"என்னங்க, எழுந்து வாங்க. இனிமே சிரிக்க வேண்டாம், துவைச்சா போதும்."