மழையில் நனையும் போர்வை

அந்த நகரத்தின் நடுவே சுவர் ஓடியது. ஒரே தெருவின் முதல் பாதி இந்தப் பக்கம், மிச்சம் அந்தப் பக்கம். ஒரு வீட்டின் வெளிப்படிக்கட்டு நேரே மேலேறிச் சுவரில் முட்டி நின்றது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டும், அதுவும் காலையில் மட்டும், சுவரிலிருந்த வாசலைக் கடந்து போய்வரலாம். பயணி இரண்டு பக்கமும் ஆசைதீரச் சுற்றிவிட்டு, தையல்காரியின் மாடியறையில் தங்கியிருந்தான்.

முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது தையல்காரி கேட்டாள்: "அந்தப் பக்கம் போனீங்களே தம்பி, சுவரோரமா ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருக்குமே, பாத்தீங்களா? என் தம்பி கடை."

பயணி எடுத்த படங்களைக் காட்டினான். பூட்டிய கதவுகள், உதிர்ந்த சுண்ணாம்பு, ஒரு பூனை. மருந்துக்குக்கூட ஒரு மனித முகம் இல்லை.

"பூனையாவது நல்லா இருக்கா?" என்றாள் கட்டிலில் படுத்திருந்த அவளுடைய அம்மா. கால் விழுந்து நெடுநாளாயிற்று. வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மத்தியானம் தையல்காரி துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். வானம் இருட்டித் தூறத் தொடங்கியது. மொட்டைமாடியில் ஒரு நீலப் போர்வை காய்வது பயணிக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் எடுத்தான். எதிரே சுவருக்கு அப்பால், ஒரு மாடியில் பச்சைத் துண்டு ஒன்று கேட்பாரற்று நனைந்துகொண்டிருந்தது. ‘பொறுப்பில்லாத ஜனங்கள்’ என்று நினைத்தபடி போர்வையை மடித்துக் கீழே கொண்டுவந்து வைத்தான்.

தையல்காரி வந்ததும் கண்ணில் பட்டது அந்த மடிப்புதான்.

"யாரு எடுத்தது?"

"நான்தான் அக்கா, மழை வந்துச்சு..."

அவள் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, மறுபடி கயிற்றில் போட்டாள். பின்னால் ஓடியவனிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். இங்கே போர்வை தொங்கினால் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். அங்கே துண்டு தொங்கினால் தம்பி வீட்டில் எல்லாரும் நலம். போன் போகாது, தபால் போகாது. கூப்பிடு தூரம்தான், ஆனால் கூப்பிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். மழையானாலும் எடுப்பதில்லை. வெளியாளிடம் சொல்வதும் இல்லை. காவலர்களுக்குத் தெரிந்தால் கயிற்றையே அறுத்துவிடுவார்கள்.

எதிர் மாடியில் இப்போது பச்சைத் துண்டு இல்லை. வெறும் கயிறுதான் காற்றில் ஆடியது.

பயணி பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு சுவர் வாசலுக்கு ஓடினான். கம்பிக்குப் பின்னால் காவலர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல வாங்க சார்."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். ரேடியோ கடைக்காரர்கிட்ட."

"வார்த்தையும் நாளைக்குத்தான் சார்."

திரும்பி வந்தபோது அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. துண்டு இல்லாததை மட்டும் மகள் சொல்லவில்லை.

"ஏன் ரெண்டு பேரும் இழவு விழுந்த மாதிரி நிக்கிறீங்க? இழவே என்னுதுதான்!" என்று சிரித்தாள் கிழவி. "என்னை மேல தூக்கிட்டுப் போங்க. செத்தவளே எந்திரிச்சு வந்து நின்னா நம்ப மாட்டானா?"

"வேணாம்மா, ஈரமா இருக்கு," என்றாள் மகள்.

"படக்காரத் தம்பி, நீ தூக்குப்பா. நீ செஞ்ச வேலைக்குக் கூலி."

அவனால் மறுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, அதோடு அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினான். மாடிக்கு வந்ததும் அவள் கையை உயரத் தூக்கினாள். பிறகு எதிர் மாடியைப் பார்த்தாள். கை மெல்லக் கீழே இறங்கியது.

"அங்க போனது யாருடி?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. நம்ம போர்வையக் காணோம்னு அவன் துண்ட எடுத்திருப்பான்."

"இல்ல, நம்மளப் பாக்காமயே எடுத்திருந்தா? அவன் சின்ன மகளுக்கு மூச்சிரைப்பு இருக்கே."

தையல்காரி போர்வையைக் கயிற்றில் இன்னும் அகலமாக விரித்துவிட்டாள். பயணி எடுத்த படங்களில் அந்த மாடிகூட இல்லை.

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"அம்மா, கீழ போயிடலாம்," என்று அவன் நாற்காலியில் கை வைத்தான்.

"தொடாத," என்றாள் அவள். "அவன் பாக்கிறப்போ நான் இங்க இருக்கணும்."

தையல்காரி குடை கொண்டுவர ஓடினாள். பயணி போர்வைக்கும் கிழவிக்கும் நடுவே நனைந்துகொண்டு நின்றான். எதையும் எடுக்க இப்போது அவனுக்குத் துணிவில்லை.